பந்துக்கு முதலாளி உண்டா?

(அமெரிக்க இ-ஸ்போர்ட்ஸ் பந்தயங்களின் நிலைமை குறித்து வாலிபர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வாலிபத் தோழர்கள் வந்து கேட்டபோது நான் தயங்கினேன். மில்லிலே முப்பது வருஷம் உழைத்த கிழவனுக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? என் பேரன் ஆடும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். யார் யாரை அடிக்கிறார்கள், எதற்காக அடிக்கிறார்கள் என்பதே எனக்குப் புரிபடவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை வைத்துப் பந்தயம் நடத்தும் ஏற்பாட்டைப் பற்றித் தோழர்கள் கொண்டுவந்து கொடுத்ததைப் படித்தபோது, அது மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அதிலே வருகிற பாத்திரங்கள் எல்லாம் நமக்குப் பழக்கமானவர்கள்தாம். முதலாளி வருகிறான், பதிலித் தொழிலாளி வருகிறான், ஆட்குறைப்பு வருகிறது, கருங்காலி தேடும் படலம் வருகிறது, கடைசியில் கதவடைப்பு மிரட்டலும் வருகிறது. ஆகவே ஆட்டத்தைப் பற்றி இளைஞர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இ-ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் எத்தனையோ ஆட்டங்கள் நடக்கின்றன. எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுப் பேசினால் ஒன்றும் மிஞ்சாது. நான் முக்கியமாக ஒரே ஒரு லீக்கை எடுத்துக்கொள்கிறேன். வட அமெரிக்காவிலே நடக்கும் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' பந்தயம். சுருக்கமாக எல். சி. எஸ். என்பார்கள்.

பக்கத்துக்கு ஐந்து பேர் உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்து ரயட் கேம்ஸ் என்ற கம்பெனி 2009 அக்டோபரில் அதை வெளியிட்டது. சீனாவின் டென்சென்ட் கம்பெனி 2011-ல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது. 2015 முடிவதற்குள் மீதியையும் வாங்கிவிட்டது. ஆட்டத்தை ஆடுவதற்குக் காசு கிடையாது, இலவசம். பிறகு எப்படிப் பிழைக்கிறார்கள்? ஆட்டத்திலே வரும் வீரர்களுக்குப் போட்டுவிடுகிற வேஷங்களை விற்கிறார்கள். சட்டை வேறு, கிரீடம் வேறு, கத்தியின் நிறம் வேறு. அதனால் ஆட்டத்தில் பலம் ஒன்றும் கூடுவதில்லை. ஆனாலும் உலகம் முழுவதும் பிள்ளைகள் வாங்குகிறார்கள். இந்தச் சங்கதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தயம் என்பது அந்தக் கம்பெனிக்கு முதலில் ஒரு விளம்பரம். விளம்பரச் செலவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை விளம்பரம் செய்கிறவன் தீர்மானிப்பான் அல்லவா? இந்த லீக்கின் கதை முழுவதும் அந்தத் தீர்மானத்தின் கதைதான்.

கதவு திறந்திருந்த காலம்

எல். சி. எஸ். 2013-ல் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு பருவம், வாராவாரம் ஆட்டம், அணிகளுக்குக் கம்பெனியின் உதவித்தொகை. பருவம் முடிந்ததும் கடைசியில் நிற்கிற அணிகள் கீழ் லீக்கில் முன்னால் நிற்கிற அணிகளோடு மோத வேண்டும். ஜெயித்தவன் மேலே, தோற்றவன் கீழே. இங்கிலாந்திலே கால்பந்து லீக்குகள் நடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டிலே ஒரு நியாயம் இருந்தது. கிளவுட்9 என்ற அணி 2013 கோடைப் பருவத்தில் அப்படித்தான் கீழிருந்து ஏறி வந்தது. வந்த பருவத்திலேயே மற்ற எல்லாரையும் அடித்துச் சாம்பியனாகிவிட்டது! அமெரிக்காவின் மூலை முடுக்கில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பையனுக்கும் அன்று என்ன தோன்றியிருக்கும்? நமக்கும் ஒரு வழி இருக்கிறது என்று தோன்றியிருக்கும்.

இதிலே பையனுக்கு நம்பிக்கை; ஆனால் பணம் போட்டவனுக்கு நடுக்கம். கோடி கோடியாகக் கொட்டியவன் ஒரு வாரத்துத் தோல்வியில் கீழே போய்விட்டால் அவன் போட்டது என்ன ஆவது? ஆகவே 2017-ல் கம்பெனி அறிவித்தது: 2018 முதல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பத்தே பத்து அணிகள். அந்தப் பத்து இடத்தையும் விலைக்கு விற்போம். ஏற்கெனவே லீக்கில் இருந்த அணிக்கு ஓர் இடத்தின் விலை ஒரு கோடி டாலர். புதிதாக வருகிறவனுக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர்.

யார் வந்தார்கள் தெரியுமா? கூடைப்பந்து முதலாளிகள் வந்தார்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வந்தது, ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் வந்தது. நியூயார்க்கில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பிரம்மாண்டமான அரங்கத்தை வைத்திருக்கிற கம்பெனி ஒரு பழைய அணியை வாங்கிக்கொண்டது. இவர்கள் ஆட்டத்தின்மீது ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்லர். வட்டி மலிவாகக் கிடைத்த காலம் அது. டெலிவிஷன் பார்க்காத வாலிபர்கள் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறார்களே, இன்னும் பத்து வருஷத்தில் இதற்கும் கூடைப்பந்தின் விலை வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

கதவை மூடியபோது கம்பெனி ஆட்டக்காரர்களுக்குச் சில சலுகைகளையும் கொடுத்தது. அதை மறைத்துப் பேசக்கூடாது. ஆண்டுச் சம்பளம் 75,000 டாலருக்குக் குறையக்கூடாது என்று விதி வந்தது. லீக்கின் வருமானத்தில் நூற்றுக்கு 35 பங்கு ஆட்டக்காரர்களுக்கு என்று சொன்னார்கள். ஆட்டக்காரர் சங்கம் ஒன்றும் ஏற்பட்டது. அதன் தொடக்கச் செலவை யார் கொடுத்தது? கம்பெனியே கொடுத்தது! இந்த இடத்தில் சிரிக்கிற தோழர்களைப் பார்க்கிறேன். முதலாளி பணத்தில் பிறக்கிற சங்கத்துக்கு நம் மில்களிலே என்ன பெயர் வைத்திருந்தோம் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் படித்தபோது சிரித்தேன். ஆனால் அந்தச் சங்கம் பின்னால் என்ன செய்தது என்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். கீழிருந்து ஏறும் வழியை அடைத்த பிறகு புது ஆட்டக்காரன் எங்கிருந்து வருவான்? ஒவ்வொரு அணியும் தனக்குக் கீழே ஒரு பயிற்சி அணியை வைத்துச் சம்பளம் கொடுத்து நடத்த வேண்டும் என்று விதித்தார்கள். இந்தப் பயிற்சி அணிக்காரன் யார்? நம் பாஷையில் சொன்னால் பதிலி. வாசலில் காத்திருப்பான், உள்ளே ஒருவன் விழுந்தால் கூப்பிடுவார்கள். சம்பளம் குறைவு, பெயர் கிடையாது, நாளை நிச்சயம் கிடையாது. ஆனாலும் அவன் இருப்பதால்தான் ஆலை ஓடுகிறது. இந்தக் கீழ் லீக்குக்கு 2023-ல் 'நார்த் அமெரிக்கன் சேலஞ்சர்ஸ் லீக்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டு கோடிக் கனவு

கதையைத் தொடருமுன் பக்கத்து வீட்டில் நடந்ததையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். பிளிஸார்ட் என்ற இன்னொரு கம்பெனி, 'ஓவர்வாட்ச்' என்ற தன் ஆட்டத்துக்கு அதே 2018-ல் ஒரு லீக் தொடங்கியது. அங்கே ஓர் இடத்தின் விலை இரண்டு கோடி டாலர். லண்டன், சியோல், ஷாங்காய், நியூயார்க் என்று நகரத்துக்கு ஓர் அணி. எல்லா நகரத்திலும் அரங்கம் நிறையும் என்று சொன்னார்கள்.

அந்த லீக்கிலே ஒரு விதி இருந்தது. அதைக் கேளுங்கள். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் அபராதம்! அந்த அபராதத்தை மற்ற அணி முதலாளிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்களாம். இதற்கு 'போட்டிச் சமநிலை வரி' என்று அழகான பெயர். கூலி உயர்த்துகிறவனுக்கு அபராதம் என்று பச்சையாகச் சொல்ல முடியுமா?

இதை எதிர்த்து அமெரிக்க அரசின் நீதி இலாகாவே 2023 ஏப்ரலில் வழக்குப் போட்டது. கம்பெனி அதற்கு முன்பே, 2021-ல், அந்த விதியைக் கைவிட்டிருந்தது. இனி இப்படி விதிப்பதில்லை என்று கோர்ட்டில் எழுதியும் கொடுத்தது. வழக்கிலே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கூடைப்பந்திலும் மற்ற பந்தயங்களிலும்கூடச் சம்பள உச்சவரம்பு இருக்கிறதே, அது ஏன் குற்றமாகவில்லை? அங்கே ஆட்டக்காரர்களின் யூனியன் உட்கார்ந்து பேரம் பேசி, அதற்குப் பதிலாக வேறு சில உரிமைகளை வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஓவர்வாட்ச் ஆட்டக்காரர்களுக்கு யூனியன் கிடையாது. அவர்களை யாரும் எதையும் கேட்கவில்லை. முதலாளிகள் தாங்களே உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள்.

அந்த லீக் என்ன ஆயிற்று? 2020-ல் கோவிட் நோய் வந்து அரங்கங்களை மூடியது. கூட்டம் வரவில்லை, விளம்பரக்காரர்கள் விலகினார்கள். 2023 பருவத்தோடு கதை முடிந்தது. வெளியேறும் அணி முதலாளிக்குத் தலைக்கு 60 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பியதாகக் கணக்கு. ஆட்டக்காரன் ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டையைக் கட்டினான். அவனுக்கு யார் கொடுத்தார்கள்?

பணம் வற்றியது

நிற்க. எல். சி. எஸ். கதைக்குத் திரும்புவோம். இடத்தை ஒரு கோடிக்கு வாங்கியவர்கள் வருமானத்துக்கு எதை நம்பினார்கள்? முக்கியமாக விளம்பரத்தை நம்பினார்கள். அதிலும் எப்படிப்பட்ட விளம்பரம்! எஃப். டி. எக்ஸ். என்று ஒரு கிரிப்டோ நாணயக் கம்பெனி 2021-ல் வந்தது. டி. எஸ். எம். என்ற அணியின் பெயரோடு தன் பெயரையும் ஒட்டிக்கொள்வதற்குப் பத்து வருஷத்துக்கு 21 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. லீக்கோடும் தனியாக ஏழு வருஷ ஒப்பந்தம். 2022 நவம்பரில் அந்தக் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. பத்து வருஷ ஒப்பந்தம் ஒன்றரை வருஷம்கூட நிற்கவில்லை.

வட்டியும் ஏறியது. புதுப் பணம் போட ஆள் இல்லை. 2023 ஏப்ரலில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் தன் அணியின் இடத்தை வேறொருவரிடம் தள்ளிவிட்டது. டி. எஸ். எம். அணியும் லீக்கை விட்டுப் போகிறேன் என்று மே மாதத்தில் அறிவித்தது. மீதி முதலாளிகள் கம்பெனியிடம் போய் நின்றார்கள்: செலவு தாங்கவில்லை, பயிற்சி அணியை வைத்துக்கொள்ளும் கட்டாயத்தையாவது நீக்குங்கள்!

கம்பெனி இணங்கியது. 2023 மே மாதத்தில் அறிவிப்பு வந்தது: இனிப் பயிற்சி அணி வைப்பது அவரவர் விருப்பம்.

விருப்பம் என்று விட்டால் முதலாளி என்ன செய்வான்? பத்து அணிகளில் ஏழு அணிகள் தங்கள் பயிற்சி அணியைக் கலைக்கப் போவதாகச் சொல்லிவிட்டன. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மேலாளர்களுமாக எழுபது பேர் வரை வேலை இழப்பார்கள் என்று சங்கம் கணக்குச் சொன்னது. பருவத்தின் நடுவிலே! வேறு எங்கும் போய்ச் சேர முடியாத நேரத்திலே! அடைத்த கதவுக்குப் பதிலாகக் கொடுத்திருந்த சன்னலையும் அடைத்தார்கள் என்று சொல்லலாம்.

மே 28

இப்போது அந்தச் சங்கத்தைப் பாருங்கள். கம்பெனி பணத்தில் பிறந்த சங்கம். அமெரிக்கச் சட்டப்படி பதிவான யூனியன்கூட அல்ல. 2023 மே 28 அன்று அது உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தது. மிகப் பெரும்பான்மையோர் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தார்கள். கோடைப் பருவம் ஜூன் 1 அன்று தொடங்க வேண்டும். நாங்கள் மேடை ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

என்ன கேட்டார்கள்? தங்கள் சம்பளத்தை உயர்த்து என்றா கேட்டார்கள்? இல்லை, தோழர்களே. கீழ் லீக்கின் ஒவ்வொரு அணிக்கும் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் சம்பள நிதி ஒதுக்கு என்றார்கள். கலைக்கப்பட்ட அணியில் ஐந்து பேரில் மூன்று பேர் சேர்ந்தே ஆட விரும்பினால், அடுத்த பருவத்தில் அவர்களுக்கு முதலிடம் கொடு என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ் லீக்கிலிருந்து மேல் லீக்குக்கு ஏறும் வழியை மறுபடி திற என்றார்கள்.

கடைசிக் கோரிக்கையை நினைத்துப் பாருங்கள். ஏறும் வழி திறந்தால் இறங்கும் வழியும் திறக்கும். இன்று மேலே உட்கார்ந்து 75,000 டாலருக்குக் குறையாமல் வாங்குகிறவன், நாளை தானே கீழே போக நேரிடும் என்று தெரிந்தே அதைக் கேட்டான். மில்லிலே நிரந்தரத் தொழிலாளிகளைப் பதிலிகளுக்காக நிற்க வைப்பதற்கு நாங்கள் எத்தனை வாயிற்கூட்டம் போட்டிருப்போம் என்று எனக்குத் தெரியும். எல்லா முறையும் அது பலித்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆகவே இருபது வயதுப் பிள்ளைகள் இதைச் செய்தார்கள் என்று படித்தபோது நான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன்.

கம்பெனி என்ன செய்தது? பருவத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்தது. பயிற்சி அணிக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கச் சங்கத்திடம் மூன்று லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. அணிக்கு மூன்று லட்சம் அல்ல, மொத்தமாக மூன்று லட்சம், அதுவும் ஒரே ஒரு முறை. ஏறும் வழி முடியவே முடியாது என்றது. இடத்தை விலை கொடுத்து வாங்கியவர்களுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதாம். அத்தோடு ஒரு மிரட்டலும் வந்தது: இரண்டு வாரத்தில் ஆட்டம் தொடங்காவிட்டால் கோடைப் பருவத்தையே ரத்து செய்ய நேரிடும்; ரத்தானால் இந்த ஆண்டு உலகப் போட்டிக்கு இந்த லீக்கிலிருந்து ஓர் அணியும் போகாது. நம் ஊரில் இதற்குக் கதவடைப்பு என்று பெயர்.

இதற்கிடையே அணிகள் மாற்று ஆட்களைத் தேடுகின்றன என்று சங்கத்துக்குத் தகவல் வந்தது. லீக்கில் ஆடும் ஆசையை வருஷக்கணக்காக நெஞ்சில் வைத்திருக்கும் ஒரு பையனைக் கூப்பிட்டு, நாளைக்கு வா, மேடை தருகிறேன் என்றால் எவ்வளவு பெரிய சபலம்! அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள் என்று சங்கம் பகிரங்கமாக வேண்டுகோள் விட்டது.

முடிவு? ஜூன் இரண்டாம் வாரத்தில் இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஜூன் 14 அன்று பருவம் தொடங்கியது. கீழ் லீக்கை நடத்துவதற்கான நிதியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். தொடர்ந்து பேசுவதாக ஏற்றுக்கொண்டார்கள். ஏறும் வழி கிடைக்கவில்லை. அணிக்கு மூன்று லட்சம் கிடைக்கவில்லை. வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனி தனியாக உட்கார்ந்து அறிவிப்புப் போட்ட விஷயத்தில், ஆட்டக்காரர்களை எதிரே உட்கார வைத்துப் பேசியாக வேண்டிய நிலைமை முதல் தடவையாக அங்கே ஏற்பட்டது.

ஏன் இதற்குமேல் முடியவில்லை?

ஒரு வாலிபத் தோழர் என்னிடம் கேட்டார்: "ஆட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தாங்களே ஒரு லீக் நடத்தியிருக்கலாமே?" நல்ல கேள்வி. அமெரிக்காவிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. பேஸ்பால் ஆட்டக்காரர்கள் 1885-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். முதலாளிகளோடு பிணங்கி 1890-ல் தங்களுக்கென்றே தனி லீக் தொடங்கினார்கள். ஒரு பருவத்துக்குமேல் நிற்கவில்லை, பணம் போட்டவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு பருவம் முழுவதும் நடத்திக் காட்டினார்கள். எப்படி முடிந்தது? மட்டைக்கும் பந்துக்கும் முதலாளி கிடையாது. மைதானம் ஒன்று கிடைத்தால் போதும்.

கபடிக்கு முதலாளி உண்டா? ஒரு கோடு கிழித்தால் ஆட்டம் தயார். ஆனால் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தின் மைதானம் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. பந்து கம்பெனியின் சொத்து. விதி கம்பெனியின் சொத்து. இன்றைக்கு ஒரு வீரனின் பலத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அதையும் கம்பெனியே செய்யும். கம்பெனி அனுமதி இல்லாமல் பத்துப் பேர் கூடிப் பரிசுப் பந்தயம் நடத்த முடியாது. கொரியாவிலே 'ஸ்டார்கிராஃப்ட்' ஆட்டத்தை வைத்துப் பத்து வருஷம் டெலிவிஷன் லீக்குகளை வளர்த்தார்கள். பிறகு பிளிஸார்ட் கம்பெனி வந்து இது எங்கள் சொத்து, எங்களிடம் ஒப்பந்தம் வாங்கு என்று வழக்காடியது. 2011-ல் அவர்கள் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. உழைத்து வளர்த்தது ஒருவன், பட்டா இன்னொருவன் பெயரில்.

இன்னொரு கேள்வியும் சீட்டில் எழுதி வந்திருக்கிறது. 75,000 டாலர் வாங்குகிறவனைத் தொழிலாளி என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். சம்பளத்தின் அளவா தொழிலாளியைத் தீர்மானிக்கிறது? அவனுக்கு விற்பதற்கு அவன் கையும் கண்ணும்தான் இருக்கின்றன. அவையும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதோடு விலை போகாமல் போகின்றன. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் அப்புறம் எங்கே போவான்? அதுவும் மேல் லீக்கில் இருந்தவன் கதை. கீழ் லீக்கில் இருந்தவனுக்கு அந்த 75,000 ஒருநாளும் கிடையாது.

அதற்குப் பிறகு

2023 கடைசியில் கம்பெனி இரண்டு அணிகளின் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது, பத்து எட்டாயிற்று. 2024 ஜனவரியில் ரயட் கேம்ஸ் தன் சொந்த ஊழியர்களில் 530 பேரை, அதாவது நூற்றுக்குப் பதினோரு பேரை, வீட்டுக்கு அனுப்பியது.

அதே 2024-ல் பணத்தைப் பங்கிடும் முறையையும் மாற்றினார்கள். விளம்பரத்தை நம்பி இனிப் பயனில்லை; ஆட்டத்துக்குள் விற்கிற வேஷங்களில் பந்தயத்தோடு சம்பந்தப்பட்டவற்றின் வருமானத்தை உலக அளவில் ஒரே நிதியாகச் சேர்ப்பது என்று தீர்மானம். அந்த நிதியிலே பாதி, எல்லா முதல்தர அணிகளுக்கும் பொது; 35 சதவிகிதம் ஜெயிக்கிறவனுக்கு; 15 சதவிகிதம், ரசிகர்களைச் சேர்த்து வைத்திருக்கிறவனுக்கு. விளம்பரக்காரன் கையை எதிர்பார்ப்பதைவிட இது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிதியின் சாவி யார் மடியில் இருக்கிறது? வேஷம் விற்பவனும் அவனே. கணக்கு எழுதுபவனும் அவனே.

சாவி ஒருவன் மடியில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'டோட்டா' என்ற ஆட்டத்தைப் பாருங்கள். அதன் முதலாளி வால்வ் கம்பெனி. 2013-லிருந்து ரசிகர்களுக்கு ஒரு சந்தாப் புத்தகம் மாதிரி விற்று, அந்த விற்பனையில் கால் பங்கைப் பெரிய பந்தயத்தின் பரிசுப் பணத்தில் சேர்த்தார்கள். முக்கால் பங்கு கம்பெனிக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2021-ல் அந்தப் பரிசு நான்கு கோடி டாலரைத் தொட்டது. 2023-ல் கம்பெனி அந்த விற்பனை முறையையே மாற்றியது. பரிசு முப்பது லட்சத்தைச் சற்றே தாண்டி நின்றது. ஆட்டம் அதே ஆட்டம். ஆடுகிறவர்கள் அதே ஆட்கள்.

சரி, எல். சி. எஸ். என்ன ஆயிற்று? 2025-ல் அந்தப் பெயரே இல்லாமல் போயிற்று. வட அமெரிக்கா, பிரேசில், லத்தீன் அமெரிக்கா மூன்று லீக்கையும் ஒன்றாக்கி, வடக்குப் பிரிவு, தெற்குப் பிரிவு என்று பிரித்து, ஆண்டுக்கு மூன்று பருவம் வைத்தார்கள். லத்தீன் அமெரிக்க லீக் அத்தோடு கலைந்தது. வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என்று விருந்தாளி இடம் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் பேசும் அத்தனை நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து இரண்டு இடம்! ரசிகர்கள் இந்தக் கலப்பை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி மறுபடி அறிவிப்புப் போட்டது: 2026-ல் பழைய எல். சி. எஸ். பெயர் திரும்பும், பிரேசில் லீக்கும் திரும்பும். ஓர் ஆண்டுக்காக வீடு மாற்றிய ஆட்டக்காரர்கள், வேலை போன நிகழ்ச்சி வர்ணனையாளர்கள், காமிராக்காரர்கள் கணக்கை எந்த அறிவிப்பிலும் நான் காணவில்லை.

அதே 2025 ஜூனில் இன்னொரு கதவும் திறந்தது. அதுவரை அணிகள் சூதாட்டக் கம்பெனிகளின் விளம்பரம் வாங்கக் கூடாது என்று தடை இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலும் ஐரோப்பா, மத்திய கிழக்கு வட்டாரத்திலும் முதல்தர அணிகளுக்கு அந்தத் தடையை நீக்கினார்கள். பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் யார்? வாலிபர்கள். கிரிப்டோக்காரன் போனான், பந்தயப் புக்கி வந்தான். மேடையில் இருபது வயதுப் பையன் சம்பளத்துக்கு ஆடுகிறான், அவன் தோல்வியில் காசு வைத்தவன் கீழே உட்கார்ந்திருக்கிறான். பந்தயத்தை விற்கும் சோதனை அந்தப் பையனுக்கு வருமா வராதா? கொரியாவில் 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் சூதாடிகளின் பணம் வாங்கித் தோற்றுக் கொடுத்த வழக்கு வந்து, பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் வாழ்நாள் தடை பெற்றார்கள். கம்பெனிக்கும் அது தெரியும். கண்காணிப்பு ஏற்பாடு வைத்திருக்கிறோம் என்கிறார்கள். தடை வாங்கும்போது வாங்கப்போகிறவன் ஆட்டக்காரன்தான்.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். 2023-ல் ஏறும் வழி முடியவே முடியாது என்று சொன்னார்கள் அல்லவா? அடுத்த ஆண்டு ஜூனிலே, 2024-ல், புது லீக்கின் திட்டத்தை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு இடம். ஆறு இடம் பணம் கட்டிய பங்காளிகளுக்கு. ஓர் இடம் விருந்தாளிக்கு. எட்டாவது இடத்துக்கு எதிரே, கீழ் லீக்கிலிருந்து ஏறி வருகிற அணிக்கு என்று எழுதியிருந்தது.